ஆட்சியை வீழ்த்துவது, நாட்டை நடத்துவது: ஈராக், லிபியா, முற்றுகை

பகை அரசொன்றின் மீது படையெடுக்கலாமா என்ற விவாதம் பெரும்பாலும் வெல்ல முடியுமா என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. 2003-இல் பாக்தாத் மூன்றே வாரங்களில் வீழ்ந்தது. 2011-இல் லிபியத் தலைநகர் திரிப்போலி ஐந்து மாதங்களில் வீழ்ந்தது. எனவே ஒப்பிட வேண்டியவை அதற்குப் பிந்தைய ஆண்டுகளே.

ஈராக்கில் அமெரிக்கா தரைப்படையுடன் நுழைந்து நிர்வாகத்தையும் தானே ஏற்றது. பல லட்சம் வீரர்கள் தேவைப்படுவர் என்று அதன் தரைப்படைத் தலைவர் எரிக் ஷின்செகி முன்கூட்டியே செனட் குழுவிடம் கூறியும் அது ஏற்கப்படவில்லை. போதாக்குறைக்கு, நிர்வாகி பால் பிரெமர் 2003 மே மாதத்தில் பிறப்பித்த முதல் இரண்டு ஆணைகள் சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கி, ராணுவத்தையும் கலைத்தன. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். 2014-இல் மோசுலைக் கைப்பற்றிய ஐஎஸ் அமைப்பின் தளபதிகளில் அந்தப் பழைய அதிகாரிகள் சிலரும் இருந்தனர்.

லிபியாவில் வழி நேர்மாறானது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் விலகிய 1973-ஆம் எண் ஐ.நா. தீர்மானம் குடிமக்களைக் காப்பதற்கு இசைவளித்தது. ஆக்கிரமிப்புப் படைக்கு இடமளிக்கவில்லை. வான்தாக்குதல் முடிந்ததும், அதை நடத்திய மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ வெளியேறியது. பிரெமரின் பிழை அங்கே நிகழவில்லை, ஆனால் ஆயுதக் குழுக்களிடமிருந்து துப்பாக்கிகளைத் திரும்பப் பெறவும் எவரும் இல்லை. 2014-க்குள் நாடு இரண்டு போட்டி அரசுகளாகப் பிளந்தது.

மூன்றாவது வழி, 1990 முதல் ஈராக்கைச் சுற்றி வளைத்திருந்த பொருளாதாரத் தடையும் பின்னர் ஈராக்கிய விமானங்களுக்கு வந்த பறக்கத் தடை மண்டலங்களும். படையெடுப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் பிறகு கிடைக்கவே இல்லை என்பதால், இந்த வழி தன் வேலையைப் பெரிதும் செய்திருந்தது என்றே கொள்ளலாம். அதற்கான விலையைச் சதாம் கொடுக்கவில்லை, எளிய மக்கள் கொடுத்தனர், ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே 1998-இல் இதை எதிர்த்தே பதவி விலகினார். ஆயினும் தடையின் விதிகளைத் தளர்த்த வழியிருந்தது. எண்ணெய் விற்ற பணத்தில் உணவும் மருந்தும் வாங்க ஈராக்கை அனுமதித்த, எண்ணெய்க்கு உணவு என்ற திட்டம் அப்படித்தான் வந்தது. கலைந்த அரசுக்கு அத்தகைய மாற்றுவழி இல்லை என்பதால் என் தேர்வு பெரும்பாலும் இதுவே.

படுகொலை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் மட்டும் இந்தத் தேர்வு செல்லாது. கம்போடியாவில் கெமர் ரூஜின் கொலையாட்சியை 1979 ஜனவரியில் வியட்நாம் படைதான் முடித்தது. ஆனால் அந்தப் படை வெளியேற 1989 ஆயிற்று.