பெர்ஹாம்பூரில் தறியைக் காட்டி என் தலையில் கட்டிய சேலை

நான் பிறந்து வளர்ந்தது காஞ்சிபுரத்தில், பகல் முழுக்கத் தறிச் சத்தம் கேட்கிற தெருவில். நீளவாக்கில் ஓடுகிற பாவு எது, குறுக்கே ஓடுகிற ஊடை எது என்று யாரும் எனக்கு உட்கார்த்திவைத்துச் சொல்லித்தந்ததில்லை, பார்த்துப் பார்த்தே தெரிந்தது. அப்படிப்பட்ட நான் 16,500 ரூபாய் கொடுத்து பாலியஸ்டர் கலந்த ஒரு சேலையை அசல் பட்டு என்று வாங்கி வந்தேன். வெட்கத்தில் இரண்டு மாதம் வெளியே மூச்சு விடவில்லை. போன வாரம் தங்கையின் தோழிகள் இரண்டு பேர் பூரிக்குப் போகிற வழியில் அதே ஊரில் இறங்கிப் பட்டு வாங்கப் போவதாகச் சொன்னதும்தான், சரி, மானம் போனாலும் போகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஊர் பெர்ஹாம்பூர். பிரம்மபூர் என்று போர்டில் எழுதியிருப்பார்கள். ஒடிசாவின் தெற்குக் கோடியில் கஞ்சாம் மாவட்டம், சென்னை சென்ட்ரலில் ஏறினால் ஹவுரா போகிற வண்டியிலேயே நேராக இறங்கிவிடலாம். 1936-இல் ஒடிசா தனி மாகாணமாகும்வரை நம் சென்னை மாகாணத்தில் இருந்த ஊர்தான், முன்னாள் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி பிறந்ததும் அங்கேதான். பக்கத்தில் பதினாறு கிலோமீட்டரில் கோபால்பூர் கடற்கரை. என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் அங்குள்ள ராணுவ வான் பாதுகாப்புக் கல்லூரியில் வேலை பார்த்து, ரிட்டயர் ஆனதும் அங்கேயே வீடு கட்டிவிட்டார். அந்த கிருகப்பிரவேசத்துக்குத்தான் போனோம். போன இடத்தில் தங்கை பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரு சேலையும், அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு ஜோடாவும் எடுக்கலாம் என்பது என் யோசனை. ஜோடா என்றால் ஆண்களுக்கான பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் சேர்ந்த ஜதை, அந்த ஊருக்கே உரிய சரக்கு. அங்கத்திய பட்டுச் சேலைக்கும் ஜோடாவுக்கும் சேர்த்துப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள். ஊரையே சில்க் சிட்டி என்றுதான் சொல்கிறார்கள். பட்டைத் தவிர அப்பளமும் ஊறுகாயும் பேர்போனவை. அதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாங்காய் ஊறுகாய் அருமை.

ஸ்டேஷன் பக்கத்தில் ஏறிய ஆட்டோக்காரர் "பட்டு வாங்கணுமா, கடைக்கெல்லாம் போகாதீங்க, கடையில டபுள் விலை, நெய்யறவங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று இந்தியில் ஆரம்பித்தார். காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களிடம் இதையே தமிழில் சொல்லுகிற ஆட்களைப் பார்த்துச் சிரித்தபடி வளர்ந்தவள் நான். ஆனால் வெளியூரில் அதே வசனம் புது வசனமாகக் கேட்கிறது, என்ன செய்ய. பழைய ஊர்ப் பக்கம் ஒரு சந்துக்குள் கூட்டிப்போய் விட்டார். குறுகலான வீடு, முன்கட்டில் குழித்தறி, அதில் ஒரு பெரியவர் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். உள்கட்டில் அலமாரி, மெத்தை விரிப்பு, சட்டை கசங்காத ஒரு நடுத்தர வயது ஆள். அவர்தான் பேசினார். இனி அவரைக் கடைக்காரர் என்கிறேன், அது வீடு இல்லை, கடைதான்.

முதலில் தறியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், பார்த்ததில்தான் விழுந்தேன். தறியில் ஒரு ஜோடா ஓடிக்கொண்டிருந்தது, சந்தன நிற உடல், அரக்குக் கரை. கரைக்கு ஒரு நாடா (ஊடை நூலைச் சுமந்துகொண்டு ஓடுகிற கட்டை அது), உடலுக்கு ஒரு நாடா, அந்தக் கரைக்கு இன்னொரு நாடா என்று மூன்று நாடா போட்டுக் கோர்த்துக் கோர்த்து வந்தார் பெரியவர். கரையும் உடலும் சேருகிற இடத்தில் வரிசையாகக் கூர்க்கூராக, கோயில் கோபுரம் மாதிரி ஏறி இறங்குகிறது. அதற்குப் பெயர் போடா கும்பா. நம் ஊரில் தாழம்பூ ரேக்கு என்று நெய்கிறோமே, பார்த்த மாத்திரத்தில் அது நினைவுக்கு வந்தது. எனக்கு மனசு அப்படியே கரைந்துபோனது. இவ்வளவு தூரம் வந்து சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்த மாதிரி.

கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. உடனே கதை சொன்னார். ஆந்திரப் பக்கமிருந்து, அந்தப் பகுதியை ஆண்ட மஹுரி ராஜா அழைத்து வந்து குடியேற்றிய நெசவாளர் வம்சமாம் அவர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற தாகுராணி யாத்திரையில் ஊர்த் தெய்வம் புடி தாகுராணி தன் பிறந்த வீட்டுக்கு வந்து தங்குவது நெசவாளர் தலைவர் குடும்பத்துத் தெருவுக்குத்தானாம். இதெல்லாம் பொய் இல்லை, கோபால்பூர் நண்பரிடம் கேட்டேன், உண்மைதான். அந்த யாத்திரையில் ஜனங்கள் வேண்டுதலுக்காகப் புராண வேஷம் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள், புலியாட்டம் ஆடுவார்கள் என்று அவரும் ஒரு மணி நேரம் சொன்னார். சேலை மட்டும்தான் பொய்.

ஜோடா 8,000 என்றார், பேசி 7,200-க்கு முடிந்தது. சேலைக்கு அலமாரியைத் திறந்து ஆறேழு எடுத்துப் போட்டார். கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை, கரையில் அதே கூர்க்கூர் வேலை. கையில் வைத்தால் கனமாக, வழவழவென்று. எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு வந்தேன். தறியில் இருந்த பெரியவர் தலை நிமிர்ந்து சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைக்காரரிடம் தெலுங்கில் மெதுவாக, "இதி மனதி காது" என்றார். கடைக்காரர் ஏதோ சுள்ளென்று சொன்னார். பெரியவர் நாடாவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்குதான் பேச்சு, எனக்கு நன்றாகவே புரியும். 'இது நம்முடையது இல்லை.' நானாக அதற்கு ஒரு அர்த்தம் செய்துகொண்டேன், இவர் கையால் நெய்தது இல்லை, வேறு தறிக்காரர் நெய்தது போலிருக்கிறது, அதனால் என்ன என்று. ஆசை வந்துவிட்டால் காது நமக்கு வேண்டியதைத்தான் கேட்கும் போல.

அப்புறம் எரித்துக் காட்டினார். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் "எரித்துப் பார்த்து வாங்கினேன்" என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். முந்தியின் ஓரத்தில் முடிச்சுப் போடாமல் தொங்குகிற நூல் இருக்குமே, அதில் ஒன்றை உருவி லைட்டரில் காட்டினார். முடி கருகுகிற வாசனை, உடனே அணைந்துவிட்டது, கருப்பாக ஒரு பொட்டு, விரலில் வைத்து நசுக்கினால் பொடி. அசல் பட்டு இப்படித்தான் எரியும். ஆனால் முந்தி ஓரத்தில் தொங்குகிற நூல் எது? பாவு. நீளவாக்கில் ஓடுகிற நூலின் வெட்டுமுனை. அதை எரித்தால் பாவு பட்டா என்று மட்டும்தான் தெரியும், குறுக்கே ஓடுகிற ஊடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாவில் பட்டைப் போட்டு ஊடையில் பாலியஸ்டரை அடித்துவிட்டால் சேலை இந்தச் சோதனையில் ஜம்மென்று பாஸ் ஆகிவிடும். நெசவுத் தெருவில் பிறந்தவளுக்கு இது அந்த நிமிஷம் தோன்றவில்லை.

'பியூர் சில்க்' என்று தங்க எழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. ஜிஐ டேக், அதாவது அந்தப் புவிசார் குறியீடு, இருக்கிறது என்றார், ஃபோனில் ஏதோ சான்றிதழ் படமும் காட்டினார். அந்தப் பதிவு ஊரின் சரக்கு வகைக்கு, நான் கையில் வைத்திருந்த சேலைக்கு இல்லை என்று கேட்கத் தெரியாமல் போச்சு. அசல் பட்டு என்று உறுதி சொல்கிற சில்க் மார்க் லேபிள் எங்கே என்று கேட்டேன், அதையாவது கேட்டேன். "நெசவாளி வீட்டுல அதெல்லாம் ஏதும்மா, அது பெரிய கடைக்காரங்க வாங்கறது" என்றார். அதுவும் நியாயமாகப் பட்டது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'சாரி 1, ஜோடா 1' என்று எழுதி மொத்தத் தொகை போட்டுக் கொடுத்தார். கடை பெயர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, பட்டு என்கிற வார்த்தைகூட இல்லை. ஃபோனில் பணம் அனுப்பினபோது வந்த பெயரும் வேறு யாரோ ஒருவருடையது, மச்சினன் கணக்கு என்றார். 23,700 ரூபாய் போனது.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து, பெருமையாக, சித்தப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். ஜோடாவை எடுத்து விரித்து, திருப்பி, கரை சேருகிற இடத்தில் விரலால் தடவி, "நல்ல வேலைம்மா, கோர்வை சுத்தமா இருக்கு" என்றார். சேலையைக் கையில் வாங்கினவர் ஒன்றும் சொல்லாமல் கரையை ஜன்னல் பக்கம் பிடித்தார். "இந்த அரக்கு என்ன இப்படிப் பழுப்படிக்குது?" என்றார். அப்போதுதான் நானும் பார்க்கிறேன். மூன்று நாடா போட்டு நெய்தால் கரைக்குத் தனி ஊடை, அரக்குப் பாவில் அரக்கு ஊடை ஓடும், நிறம் அடர்ந்து நிற்கும். இதில் ஒரே பச்சை ஊடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடியிருந்தது, அரக்கில் பச்சை கலந்து செத்த நிறம். கும்ப வேலை என்று நான் நினைத்தது வெறும் மிஷின் டிசைன், பின்பக்கம் திருப்பினால் வெட்டி விட்ட நூல் பிசிறு பிசிறாக. சித்தப்பா முந்திக்குள்ளே ஒரு அங்குலம் தள்ளி, குறுக்கு நூல் ஒன்றை ஊசியால் நெம்பி உருவினார். தீக்குச்சியில் காட்டினதும் அது சுருண்டு, உருகி, கெட்டியான ஒரு மணியாக நின்றது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், நசுங்கவில்லை. ஜரிகையைச் சுரண்டினார், உள்ளே சிவப்புப் பட்டு நூல் வரவில்லை, வெள்ளையாகப் பிளாஸ்டிக் இழைதான் வந்தது.

"பவர்லூம் சரக்கு, சூரத்தா இருக்கும். ரெண்டாயிரம் பெறும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஃபோன் செய்தேன். முதல் தடவை எடுத்து, நேரில் வந்தால் மாற்றித் தருகிறேன் என்றார், ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி. இரண்டாம் தடவை ராங் நம்பர் என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் நிறுவனத்தின் பெயர் என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அது பெரிய வசதி. ஆனால் யார்மேல் போடுவது? பெயரில்லாத சீட்டை வாங்கிக்கொண்டு வந்தவள் நான்.

அதனால் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். தறியைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், ஆனால் தறியில் இருப்பது வேறு, அலமாரியில் இருப்பது வேறு. அந்த வீட்டில் நெய்ததைத்தான் வாங்குவீர்கள் என்றால் தறியில் ஓடுவதையே காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று ஆர்டர் கொடுங்கள், நாள் ஆகும், ஆகட்டும். எரித்துப் பார்ப்பதாக இருந்தால் குறுக்கு நூலையும் உருவச் சொல்லுங்கள். உருவ மறுத்தால் சேலையை மடித்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். கரை நிறம் வெளிச்சத்தில் செத்துத் தெரிகிறதா என்று பாருங்கள், பின்பக்கம் திருப்புங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் 2004-லிருந்து இருக்கிறது, ஹாலோகிராமும் தனி எண்ணும் உள்ள லேபிள் அது. கைத்தறி முத்திரை வேறு, அது 2006-இல் வந்தது, இரண்டும் ஒன்று இல்லை. முதலாவது பட்டு என்று சொல்லும், இரண்டாவது கையால் நெய்தது என்று சொல்லும். இந்த அலைச்சலே வேண்டாம் என்றால் நம் கோ-ஆப்டெக்ஸ் மாதிரி ஒடிசா அரசின் கூட்டுறவு நிறுவனம் போயனிகா இருக்கிறது, அங்கே பேரம் பேசுகிற சுகம் கிடைக்காது, பில் கிடைக்கும். பில்லில் 'பட்டுச் சேலை' என்று எழுதாத இடத்தில் பணத்தை எடுக்கவே வேண்டாம். ஆட்டோக்காரர் காட்டுகிற வீட்டைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஜோடாவை அண்ணன் அறுபதாம் கல்யாணத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது எங்கே எடுத்தது என்று கேட்காத ஆள் இல்லை. அந்தப் பெரியவர் கைவேலை அப்படி.

கோபால்பூர் நண்பர் போன மாதம் அந்தச் சந்துப் பக்கம் போயிருக்கிறார், எனக்காகத்தான். கடைக்காரர் வெளியூர் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் தறியில்தான் இருந்தாராம். நண்பர் விஷயத்தைச் சொன்னதும், "பச்சைச் சேலை, மெட்ராஸ் அம்மா, தெலுங்கு தெரிஞ்சவங்கதானே?" என்று கேட்டாராம். தெரியும் என்று இவர் சொன்னதற்கு, அந்தம்மா முகத்தைப் பார்த்தபோதே புரிந்துகொண்டார்கள் என்றுதான் நினைத்தேன், அவர்கள் காதில் விழுகிற மாதிரிதானே சொன்னேன் என்றாராம்.