ஒரே சட்டி மாட்டுக்கறி பாஸ்தா: இரண்டு வருடம் செய்து பார்த்த அனுபவம்

எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. மேலே 950 என்று எழுதி அடித்திருக்கும், அதன் கீழே 850, அதுவும் அடித்திருக்கும், கடைசியில் 700 என்று எழுதிச் சுற்றி இரண்டு வட்டம். எல்லாம் மில்லிலிட்டர் கணக்கு. மாட்டுக் கொத்துக்கறியையும் பாஸ்தாவையும் ஒரே சட்டியில் போட்டுச் செய்யும் இரவுச் சாப்பாட்டை இரண்டு வருடத்துக்கும் மேலாக, அநேகமாக வாரம் ஒரு தடவை செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை. ஆனால் முதல் மாதம் நான் நினைத்திருந்த சாப்பாடு வேறு, இப்போது தட்டில் விழுவது வேறு.

செய்முறை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். கறியை வதக்கி, வெங்காயம் பூண்டு சேர்த்து, தக்காளியும் தண்ணீரும் ஊற்றி, வேகாத பாஸ்தாவை நேராக அதிலேயே கொட்டி மூடி, வெந்ததும் சீஸ். நாங்கள் ஐந்து பேருக்கு 500 கிராம் கறி, 350 கிராம் பாஸ்தா, 400 கிராம் தக்காளி டின் ஒன்று, அப்புறம் அந்த 700 மில்லி தண்ணீர் அல்லது ஸ்டாக் (எலும்போ காய்கறியோ வேகவைத்த சாறு). அரை மணியில் முடிந்துவிடும் என்றுதான் எல்லாக் குறிப்பிலும் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பெரும்பாலும் முடிவதில்லை. வெங்காயம் உரிப்பது, சீஸ் துருவுவது எல்லாம் சேர்த்தால் முக்கால் மணி நேரம் ஆகிறது. அவசரப்பட்டு அரை மணிக்குள் முடித்த நாட்களில் சாப்பாடு சுமாராகத்தான் வந்தது.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பாஸ்தாவைப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளும்பத் தளும்ப வைத்து வேகவைத்து வடித்துவிடுவோம், நாம் செய்யும் தப்பில் பாதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். இங்கே வடிப்பதே கிடையாது. ஊற்றிய தண்ணீர், போட்ட உப்பு, பாஸ்தாவிலிருந்து கரையும் மாவு, எல்லாம் சட்டிக்குள்ளேதான். அந்த மாவுதான் சாஸைக் கெட்டியாக்கிப் பாஸ்தாமேல் வழவழவென்று ஒட்டவைக்கிறது, ருசிக்குக் காரணமும் அதுதான். ஆனால் உப்பும் அதே மாதிரி தங்கிவிடும். ஆரம்பத்தில் ஒருநாள் ஸ்டாக் கட்டி இரண்டு கரைத்து, பழக்கதோஷத்தில் ஒரு கை உப்பும் போட்டு, மேலே சீஸையும் தூவிவிட்டேன். தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறிக்கொண்டே போனது. வாயில் வைக்க முடியவில்லை. மகன் மட்டும் ஒரு வாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தபடி சாப்பிட்டான், பாவம். இப்போது ஸ்டாக் ஊற்றினால் கறிக்கு மட்டும் அரை தேக்கரண்டி உப்பு. சீஸ் போட்டுக் கிளறிய பிறகுதான் அடுத்த உப்பு, பெரும்பாலும் அதுவும் தேவைப்படுவதில்லை.

இந்த 700 உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், அதற்குச் சட்டியின் அகலம் காரணம். முதலில் என்னிடம் இருந்தது 24 செ.மீ. நான்ஸ்டிக் சட்டி. இப்போது இருப்பது 30 செ.மீ. விட்டமும் ஏழு செ.மீ. ஆழமும் உள்ள கனமான எவர்சில்வர் சட்டி. ஆறு செ.மீ.தானே என்று தோன்றும், பரப்பைக் கணக்குப் போட்டால் ஒன்றரை மடங்குக்கும் மேல், அந்த அளவுக்கு ஆவியும் போகும். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் இன்னும் போகும். பெரிய சட்டிக்கு மாறியபோது தண்ணீர் கூடுதலாகத்தான் வேண்டியிருக்கும் என்று நினைத்து 950 ஊற்றினேன், பாஸ்தா நீந்தியது. பழைய சட்டியின் மூடி லொடலொடவென்று இருந்தது, புதியது கச்சிதமாக உட்காருகிறது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே யார் சொல்லும் அளவையும், என்னுடையதையும் சேர்த்துத்தான், முதல் தடவைக்கு மட்டும் நம்புங்கள். கொஞ்சம் குறைத்து ஊற்றி, பக்கத்தில் கொதிநீர் வைத்துக்கொண்டு வேண்டியபோது சேர்ப்பது நல்லது. குறைந்த தண்ணீரைக் கூட்டலாம், கூடிப்போனதை எப்படி எடுப்பது? மூடியைத் திறந்து சுண்டவிட்டால் அதற்குள் பாஸ்தா குழைந்துவிடும்.

நான்ஸ்டிக் சட்டி ஒன்றரை வருடம் வந்தது. அதற்குள் நடுப்பகுதியில் பூச்சு மங்கி, ஒரு கீறலும் விழுந்துவிட்டது. தப்பு என்னுடையதும்தான், உலோகக் கரண்டி போட்டிருக்கிறேன். இரும்புச் சட்டியிலும் ஓரிரு தடவை செய்து பார்த்தேன். தக்காளிப் புளிப்பு இரும்போடு அரை மணி நேரம் கிடந்தால் சாஸில் ஒரு காசுச் சுவை இறங்குகிறது, அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

எவர்சில்வருக்கு மாறியபோதுதான் கறி வதக்குவது என்றால் என்னவென்றே புரிந்தது. அதுவரை கறியைக் கொட்டிய கையோடு கரண்டியை எடுத்துக் கிண்டிக்கொண்டே இருப்பேன். சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று வெந்து நிற்கும், மணம் இருக்காது. கறியிலிருந்து கசிகிற நீர் சட்டியில் நிற்கும்வரை சூடு 100 டிகிரிக்குமேல் ஏறாது, கறி சிவந்து அந்த வறுத்த மணம் நன்றாக வர 140 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். இந்த வேதிவினையை 1912இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்து எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் மையார் வினை என்கிறார்கள். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

இப்போது சட்டி நன்றாகக் காய்ந்ததும் கறியை ஒரே தட்டாகப் பரப்பி அழுத்திவிட்டு ஐந்து நிமிடம் தொடுவதில்லை. காதால் கேட்டே பதம் பார்க்கலாம். போட்டதும் சொய்யென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் நீர் விட்டு அது அடங்கிக் கொதகொதவென்று கொதிக்கிற சத்தமாக மாறும். பெரும்பாலோர் பயந்து கிண்டுவது இங்கேதான். பொறுத்தால் அந்தக் கொதி தேய்ந்து மறுபடி சடசடவென்று பொரிகிற சத்தம் வரும், நீர் போய்விட்டது, இனிக் கொழுப்பில் வறுபடுகிறது என்று அர்த்தம். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் நல்ல காப்பிக்கொட்டை நிறம். அப்போதுதான் திருப்பிப்போட்டு உடைக்கிறேன், அதுவும் தூளாக்காமல். சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும், தீய்ந்துவிட்டதோ என்று பதறாதீர்கள். வெங்காயம் வதங்கியதும் ஒரு குழிக்கரண்டி தண்ணீர் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் அவ்வளவும் கழன்று சாஸில் கரையும். நான்ஸ்டிக்கில் இந்தப் படலம் சரியாகப் பிடிப்பதே இல்லை.

கால் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து 500 கிராம் கறியில் பிசறிக் கால் மணி நேரம் வைத்தால் நீர் குறைவாகக் கசியும், சீக்கிரம் சிவக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான், நான் பல தடவை செய்திருக்கிறேன். ஒருதடவை கை தவறி முக்கால் தேக்கரண்டி விழுந்து சோப்பு வாடை அடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொழுப்பு விஷயத்தில் 15 சதவீதக் கொத்துக்கறிதான் எனக்கு ஒத்துவருகிறது. 20 சதவீதம் வாங்கினால் ஒரு மேசைக்கரண்டி விட்டுவிட்டு மீதியை வழித்து எடுக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் சாஸ்மேல் சிவப்பாக எண்ணெய் மிதக்கும். 10 சதவீதத்துக்கும் கீழே போனால் வறட்டு வறட்டென்று இருக்கும். பூண்டைக் கடைசியில், அரை நிமிடத்துக்கு. தக்காளி பேஸ்ட் ஒரு கரண்டி போட்டு, பளிச்சென்ற சிவப்பு மாறிச் செங்கல் நிறம் வரும்வரை வதக்கினால் டின் தக்காளியின் தகர வாசனை போய்விடும்.

பாஸ்தா போட்ட முதல் மூன்று நிமிடம் அடுப்பைவிட்டு நகராதீர்கள். மேல்மாவு பசையாகி ஒன்றோடொன்று ஒட்டுவதும் அடியில் பிடிப்பதும் அப்போதுதான். ஒருநாள் கைப்பேசியில் யாரோ அழைக்க, பேசிவிட்டு வந்து கிளறினால் கரண்டிக்கு அடியில் மெத்தென்று ஒரு தடை. பாஸ்தா அடியோடு ஒட்டிப் பாறையாகியிருந்தது. சுரண்டாமல் மேலே இருந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன், சாப்பாடு தப்பியது. சுரண்டியிருந்தால் தீய்ந்த வாசனை மொத்தத்துக்கும் ஏறியிருக்கும்.

வடிவத்தில் குழல் மாதிரி இருக்கும் பென்னேயும் சுருள் பாஸ்தாவும் நன்றாக வருகின்றன. ஸ்பாகெட்டியை ஒடித்துப் போட்டால் கட்டுக் கட்டாக ஒட்டுகிறது. வண்ணத்துப்பூச்சி வடிவம் பார்க்க அழகு, ஆனால் சிறகு குழைந்த பிறகும் நடுவே இருக்கும் மடிப்பு வேகாது. முழுக்கோதுமை என்றால் தண்ணீரும் நேரமும் கூட வேண்டும். பொட்டலத்தில் 11 நிமிடம் என்று போட்டிருப்பது கொதிக்கும் வெறும் தண்ணீருக்கு, தக்காளிப் புளிப்பில் எனக்கு அது 14, 15 நிமிடம் வரை இழுக்கிறது.

வீட்டில் பஞ்சாயத்து வருவதும் இந்த இடத்தில்தான். மகனுக்குப் பல்லில் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும். அம்மாவுக்கு 74 வயது, கீழ்ப்பல் இரண்டு இல்லை. "ஏம்ப்பா, இது இன்னும் வேகலை போலிருக்கே" என்று தட்டை நகர்த்தி வைப்பார். ஒரே சட்டியில் இரண்டு பதம் எப்படி வரும்? வடித்துச் செய்யும் பாஸ்தாவில் இந்தச் சிக்கலே இல்லை, அவரவர் பங்கை அவரவர் நேரத்துக்கு எடுத்துவிடலாம். இந்தச் செய்முறைமேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான், இரண்டு வருடத்தில் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. இப்போதைக்கு எங்கள் நால்வருக்கும் முதலில் பரிமாறிவிட்டு, சட்டியில் மிச்சமிருப்பதில் கால் டம்ளர் வெந்நீர் ஊற்றி மூடி, சிறுதீயில் ஐந்து நிமிடம் வைத்து அம்மாவுக்குத் தருகிறேன். நால்வரும் பாதி சாப்பிட்ட பிறகுதான் அவர் கைக்குத் தட்டு வருகிறது, எனக்கு அது உறுத்தலாகத்தான் இருக்கிறது. அவர் என்னவோ, "ஆறினதைச் சாப்பிடறதுக்கு இது மேல்" என்கிறார்.

சீஸை அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். தளதளவென்று கொதிக்கும்போது போட்டால் திரிந்து நூல்நூலாகி எண்ணெய் தனியே பிரியும். துருவிப் பொட்டலத்தில் வருவதில் ஒட்டாமல் இருக்க மாவோ செல்லுலோஸ் தூளோ கலந்திருப்பதால் அது ஒருமாதிரி மணல்மணலாக உருகுகிறது. கட்டியாக வாங்கி நாமே துருவினால் வித்தியாசம் தெரியும், 100 கிராம் போதும். கிரீம் சேர்ப்பவர்களும் அணைத்த பிறகே சேர்க்கலாம்.

குழந்தைகள் சாப்பிடுவதால் ஒன்றில் மட்டும் கறாராக இருக்கிறேன். முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளேயும் கலந்துவிடுகிறது, அதனால் கொத்துக்கறி எங்கும் 71 டிகிரி எட்ட வேண்டும், நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இந்தச் செய்முறையில் கறி பாஸ்தாவோடு கால் மணி நேரம் கொதிப்பதால் அந்தக் கவலை இல்லை. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம், மூன்று நாளுக்குமேல் வைப்பதில்லை.

மிஞ்சியது சுமார்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரவெல்லாம் பாஸ்தா சாஸைக் குடித்துவிட்டுக் காலையில் ஒரே கட்டியாக நிற்கும். தண்ணீர் தெளித்துச் சுடவைத்தால் சாப்பிடலாம், முந்தின நாள் ருசி வராது. அதனால் கறி மசாலாவை மட்டும் இரண்டு மடங்காகச் செய்து, பாஸ்தா போடும் முன்பே பாதியை எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். அதை எடுத்துச் சமைக்கும் வாரங்களில் மட்டும்தான் அரை மணிக் கணக்கு உண்மையாகிறது.

சமைப்பது நான், கழுவுவது என் மனைவி என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். போன வாரம் தொட்டி முன்னால் நின்று, "ஒரே சட்டின்னுதானே சொன்னீங்க?" என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சட்டி, மூடி, வெட்டுப்பலகை, கத்தி, சீஸ் துருவி, அளவுக் குவளை, மரக்கரண்டி, அப்புறம் நான் கொழுப்பை வழித்து ஊற்றி வைத்த கிண்ணம். நான் துருவியையும் கிண்ணத்தையும் மட்டும் என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.