லண்டன்–பாரிஸ் சாமான் கிளியரிங் சேவை: 5க்கு 3

பாரிஸ் லா சப்பலில பலசரக்குக் கடை வைச்சிருக்கிறன். பிரெக்ஸிட்டால சுங்க எல்லை வந்த 2021 ஜனவரிக்கு முன்னம் லண்டனில பின்னேரம் ஏத்தின சாமான் விடிய எங்கட வாசலில நிக்கும், ஒரு இன்வொய்ஸோட. இப்ப பொருளுக்குப் பொருள் சுங்கக் குறியீடு. பிரித்தானிய உற்பத்தி இல்லையெண்டபடியால் லண்டனில தீர்வை கட்டின இந்தியச் சாமானுக்கு இஞ்சயும் கட்டவேணும்.

அதாலதான் டோவர் துறைமுகப் பக்கத்துச் சுங்க முகவர் ஒருத்தரைப் பிடிச்சன். முதல் லோட், மிளகாய்த்தூளும் அரிசிமாவும். பத்திரமெல்லாம் திறம். பிரெஞ்சுக் கரையில கலே துறைமுகத்தில லொறிக்குப் பச்சை, அதாவது சோதனையில்லாமல் போகலாமெண்ட குறி, விழுந்து நேரே வெளியில வந்திட்டுது.

இரண்டாவதில மாசிக் கருவாடும் போட்டன். மீனுக்குச் சுகாதாரச் சான்றிதழும் கலேயில தனிச் சோதனையும் வேணுமெண்டு மனுசன் ஒரு வார்த்தை சொல்லேல்ல. சோதனைக்கு நில்லெண்ட ஆரஞ்சுக் குறி விழுந்தது. ஒண்டரை நாள் லொறி மறிபட்டு நிண்டது. கலப்பு லோட் எண்டபடியால் மற்றக் கடைக்காரரின்ர பெட்டிகளும் சேர்ந்து நிண்டது; அவையளின்ர போனுக்கு மறுமொழி சொன்னது நான். சாரதித் தம்பியின்ர மட்டன் ரோல்ஸும் போச்சாம், இறைச்சி உள்ள விடமாட்டினம்.

முகவரைக் கேட்டால், "நீங்கள் கேக்கேல்லையே அண்ணை" எண்டார். காசு வாங்குறது பிறகு எதுக்கு?

கறிச்சரக்குக்கு இவரை நம்பிக் கூப்பிடலாம், விலையும் நியாயம். கருவாட்டை நான் இப்ப கொழும்பிலயிருந்து நேரே எடுப்பிக்கிறன்.