செயின்சா டியூனிங்: கீச்சென்று கத்தினால் பணத்தைக் கொடுக்காதீர்கள்

"டியூனிங் போட்டாச்சு, இப்ப எப்படிக் கத்துது பாருங்க" என்று ஒர்க்‌ஷாப்பில் திருப்பிக் கொடுத்த 50 சிசி செயின்சா, இரண்டாவது டேங்க் தீர்வதற்குள் பிடித்துக்கொண்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி இன்ஜின் நின்றுவிட்டது. "நீங்க ஆயில் சரியாக் கலக்கல" என்று பழி வேறு. கலந்தது 50:1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். அந்த மெஷினுக்குச் சொன்ன அளவே அதுதான்.

சைலன்சரையும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரையும் கழற்றிப் பார்த்ததும் உண்மை தெரிந்துவிட்டது. பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கோடுகள். கார்புரேட்டர் பக்கம் சுத்தமாக இருந்தது. ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருந்தால் கீறல் அந்தப் பக்கம்தான் அதிகம் விழும். சுத்தமாக ஆயில் கலக்காமல் ஓட்டினால் பெரும்பாலும் சுற்றிலும் கோடு விழும்.

நடந்தது இதுதான்: முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை வைக்கும், கார்புரேட்டரின் 'எச்' ஸ்க்ரூவை அளவுக்கு மீறி வலப்பக்கம் முடுக்கியிருக்கிறார்கள். பெட்ரோல் குறையும், சுமையில்லாமல் ஓடும்போது வேகம் ஏறும், கேட்பவருக்குப் பலம் கூடியதுபோல இருக்கும். பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால் அதுவும் குறைகிறது, சூடு ஏறுகிறது. மரத்தில் நாலு நீள அறுப்பு போட்டால் கதை முடிந்தது.

முறையாக டியூன் செய்பவர் முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வார், புது பெட்ரோல் ஊற்றுவார், இன்ஜினை நன்றாகச் சூடாக்குவார். குறைந்த வேகத்துக்கான 'எல்' ஸ்க்ரூவில் ஐட்லிங் உச்சத்துக்குப் போகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தளர்த்துவார். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திணறாமல் ஏற வேண்டும். பிறகு ஐட்லிங் ஸ்க்ரூ: செயின் அசையவே கூடாது. கடைசியில்தான் 'எச்'. சுமையில்லாமல் முழு வேகத்தில் சத்தம் சற்றுக் கரகரப்பாக, தடதடவென்று இருக்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து ஒரே சீராக வர வேண்டும். காற்றிலேயே கீச்சென்று சீராகக் கத்தினால் அது லீன், அதாவது பெட்ரோல் போதவில்லை.

காதை மட்டும் நம்பவும் கூடாது. ஸ்பார்க் கொடுக்கும் காயில் வேகக் கட்டுப்பாடு உள்ளது என்றால் அது ஸ்பார்க்கை வெட்டும்போதும் இதே கரகரப்புதான் கேட்கும், லீனாக இருப்பது மறைந்துவிடும். இன்ஜின் வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டர் வைத்து, மேனுவலில் உள்ள உச்ச வேகத்தைத் தாண்டாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த ஏமாற்று, காரணம் தேடாமல் புது பிஸ்டனை மாட்டுவது. கிராங்க் ஆயில் சீலிலோ கார்புரேட்டர் ரப்பரிலோ காற்று கசிந்தால் புது பிஸ்டனும் அதே வழியில் போகும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்கத் தாமதித்தால், மெஷினைச் சாய்க்கும்போது ஐட்லிங் மாறினால், கசிவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்திப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட், காற்றை உறிஞ்சிப் பார்க்கும் வேக்குவம் டெஸ்ட் இரண்டையும் கேளுங்கள். பிரஷரில் தாங்கும் சீல் வேக்குவத்தில் விட்டுவிடுவதுண்டு. பழைய பிஸ்டனிலிருந்து சிலிண்டர் சுவரில் ஒட்டிய அலுமினியத்தைச் சுத்தமாக எடுக்காமல் பிஸ்டன் போட்டாலும் வீண்தான்.

கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் விறைத்துப்போனதற்கு முழு கார்புரேட்டரையே மாற்றிப் பணம் வாங்குகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் டயாஃப்ரம் கிட் போதும். சில நிமிடம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். அடைத்திருப்பது டேங்கின் காற்றுத் துளை.

கொடுப்பதற்கு முன் 'எல்', 'எச்' இரண்டையும் வலப்பக்கம் மெதுவாக, லேசாக முட்டும் வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எழுதிவைத்துப் பழைய இடத்திலேயே விடுங்கள். இறுக்கினால் ஸ்க்ரூவின் ஊசிமுனை கெட்டுவிடும். ஸ்க்ரூமேல் பிளாஸ்டிக் மூடி இருந்தால் முழுச் சுற்று திரும்பாது. அதன் நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி எண்ணுங்கள். 'எச்' கால் சுற்றுக்கு மேல் உள்ளே போயிருந்தால், காரணத்தையும் டேக்கோமீட்டர் அளவையும் சொல்லும்வரை அந்த மெஷினை மரத்தில் வைக்காதீர்கள்.