யாரும் தட்டாத கீபோர்டுக்கு நூறு சதவீதம் சிபியு: டாஸ் கணக்கு மென்பொருளோடு பல வருடம்

காரைக்குடியில் எவர்சில்வர் பாத்திர மொத்த வியாபாரக் கடை. கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. எங்கள் பேரேடு இன்றும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் என்ற இயங்குதளத்துக்கான ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருளில்தான் ஓடுகிறது. 1997-இல் மதுரைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. மவுஸ் கிடையாது. எஃப்2 தட்டினால் பில், எஃப்5 தட்டினால் பாக்கி. சீர் பாத்திரம் எடுக்க வரும் ஆச்சி பையை மடக்கி வைப்பதற்குள் எங்கள் கணக்குப்பிள்ளை அண்ணன் பில்லைக் கிழித்து நீட்டிவிடுவார். இதை மாற்றச் சொன்னால் யாருக்கு மனசு வரும்?

2011-இல் கடை, குடோன், தேவகோட்டைக் கிளை மூன்றுக்கும் ஒரே கணக்காக இருக்கட்டும் என்று முதலாளி ஒரு சர்வர் வாங்கினார். சிபியுவில் நாலு கோர் (நாலு மூளை மாதிரி), 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003, அவரவர் இடத்திலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதில் வேலை செய்ய ஏழு பேர். இரண்டு பேர் இருந்தவரை ஜோராக ஓடியது. ஐந்தாவது ஆள் நுழைந்ததும் தட்டிய எழுத்து திரைக்கு வர இரண்டு விநாடி ஆனது. சர்வர் விற்றவர் “ராம் பத்தலை சார்” என்றார். இரட்டிப்பாக்கினோம். காசு போனதுதான் மிச்சம்.

ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சர்வர் மின்விசிறி மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. எந்த புரோகிராம் எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். என்டிவிடிஎம் (விண்டோஸுக்குள் டாஸ் புரோகிராமை ஓட்டும் பகுதி) என்று ஆளுக்கொன்றாக ஏழு வரி, ஒவ்வொன்றுக்கும் 14 சதவீதம். ஆறு பேரின் இணைப்பைத் துண்டித்தபின் மிஞ்சிய ஒன்று 25-இல் போய் நின்றது, அதாவது ஒரு முழு கோர். பில் போட ஆளே இல்லை! பூட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டில் அத்தனை அறையிலும் ஃபேன் சுற்றுகிற கதை.

காரணம் பிறகுதான் புரிந்தது. டாஸ் காலத்தில் ஒரு மெஷினில் ஒரு புரோகிராம்தான். அது சும்மா இருக்கும் நேரமெல்லாம் “ஏதாவது கீ தட்டினார்களா, தட்டினார்களா” என்று கீபோர்டைக் கேட்டுக்கொண்டே சுற்றும். அப்போது அதில் யாருக்கும் நஷ்டமில்லை. பத்துப் பேர் பங்கு போடும் சர்வரில் அந்தச் சுற்றலே முழுநேர வேலையாகிவிடுகிறது. ராம் எவ்வளவு போட்டாலும் இதற்கு மருந்தாகாது. கோரைக் கூட்டினால் இன்னும் சில பேருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் ‘ஐடில் சென்சிடிவிட்டி’ என்ற நகர்த்தியை, அதாவது புரோகிராம் சும்மா இருக்கிறது என்று விண்டோஸ் எவ்வளவு சீக்கிரம் முடிவுகட்ட வேண்டும் என்பதை, உச்சத்துக்குத் தள்ளினேன். பாதி பலன். ஆனால் மாதக் கடைசி பாக்கிப் பட்டியல் நத்தையாகிவிட்டது. அந்த ரிப்போர்ட் வரிக்கு வரி எஸ்கேப் தட்டியிருக்கிறோமா என்று பார்க்கும். விண்டோஸ் அதையும் சோம்பல் என்று எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. அப்புறம் டேம் என்ற சின்னக் கருவியைப் போட்டேன். புரோகிராமுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்து, வெறும் காத்திருப்பைப் பிடித்து நேரத்தை விண்டோஸுக்குத் திருப்பித் தரும். இரண்டு நாள் அளவு திருகிப் பார்த்தபின் ஏழு பேரும் சேர்ந்து பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை. பணம் கொடுத்து வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லாத மென்பொருள் இது ஒன்றுதான்.

2015 ஜூலையோடு சர்வர் 2003-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு நின்றது. புது சர்வர் 64 பிட். அதில் டாஸ் புரோகிராம் திறக்கவே திறக்காது, என்டிவிடிஎம்மே கிடையாது. டாஸ்பாக்ஸைப் பார்த்தேன். அது பழைய டாஸ் விளையாட்டுகளைப் புது கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்காகச் செய்தது. ஒரே பேரேட்டில் ஏழு பேர் எழுதும் வேலைக்கு அதை நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை. அதே மாதிரி டாஸ் புரோகிராமை ஓட்டும் விடாஸ் என்ற கருவிதான் ஒத்துவந்தது. வியாபார மென்பொருளை நினைத்தே செய்தது, சும்மா இருக்கும்போது அடங்கிக் கிடக்கிறது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலும் அச்சு வருகிறது. அச்சின் ஓரம் சரியாக வரத்தான் ஒரு வாரம் தாள் வீணானது.

2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் வரி பில்லை வேறு மென்பொருளுக்கு மாற்றினோம். பாக்கியும் வட்டியும் பழைய நீலத் திரையிலேயே. “இன்னும் இதையா கட்டிக்கிட்டு அழறீங்க?” என்று ஆடிட்டர் வருடா வருடம் கேட்கிறார். அண்ணன் பதில் சொல்வதில்லை, எஃப்5 தட்டி அவர் கேட்ட பாக்கியைக் காட்டிவிடுவார்.