மசாலா தடவி வந்த 'உவரிக் கடலிறால்': நான் ஏமாந்த கதை

மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ கரி அடுப்பு வைத்து இறால் சுடலாம் என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள், ஒரு நிமிடம் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

மே மாதம் சென்னையிலிருந்து அத்தான் குடும்பம் வந்திருந்தது. திசையன்விளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ராத்திரிச் சாப்பாடு என்று முடிவு. 'காலையில் பிடித்த உவரிக் கடலிறால், உரித்து மசாலா தடவி, அடுப்பும் கரியும் சேர்த்து உங்கள் இடத்துக்கே' என்று ஒருவர் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். கிலோ 650 ரூபாய், அடுப்பு வாடகை 500. மூன்று கிலோ சொல்லி 2,450 ரூபாயையும் முன்னாடியே ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. வள்ளம் என்கிற நாட்டுப்படகுக்காரர்கள் போவார்கள்தான், ஆனால் வரத்து குறைவு, விலை தீயாக இருக்கும். தலையும் ஓடும் போனால் ஒரு கிலோ இறாலில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் சதை தேறும். அப்புறம் உரித்த கடலிறால் 650 ரூபாய்க்கு எப்படி வரும்?

நாலு மணிக்கு என்றவர் ஆறரைக்கு வந்தார். ஒரு கிலோ வாளி மூன்று, பைக்கில் தொங்கவிட்டு. ஐஸ் என்று ஒரு கட்டி கிடையாது. மூடியைத் திறந்தால் செக்கச்செவேலென்று கலர் பொடி. கடற்கரை ஊரான கூத்தங்குழியில் பிறந்து வளர்ந்த என் சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, இஞ்சி பூண்டு வாடைக்குக் கீழ வேற ஒரு வாடை வருதுல. ஒண்ணைக் கழுவிப் பாரு" என்றாள். கேட்டேனா? அடுப்பு பிடித்துவிட்டது, பிள்ளைகள் தட்டோடு நிற்கிறார்கள்.

இறால் கம்பியில் நிற்கவே இல்லை. திருப்பினால் மாவு மாதிரி உதிர்ந்து கரியில் விழுந்தது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் போட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தால் அப்படித்தான். புளிப்பே சதையைப் பாதி வேக வைத்துவிடும். மசாலா கருகக் கருக, மூக்கில் ஏறும் நவச்சார நெடி வெளியே வந்தது. கெட்டுப்போன இறாலுக்கே உரிய நெடி. அதற்குள் அத்தான் மகன் இரண்டு தின்றுவிட்டான். ராத்திரி வாந்தி, நல்லவேளை, மறுநாள் மதியம் தெளிந்துவிட்டான்.

தொடாத வாளி ஒன்றைக் கழுவி, முருங்கைக்காய் நிறுக்கும் தராசில் வைத்தோம். 560 கிராம்! மீதி மசாலாவும் தண்ணீரும். முதுகு நரம்புகூட எடுக்கவில்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. "வலையில விழுறது பெருசும் சிறுசுமா கலந்து கெடக்கும், இது பண்ணை இறால்" என்றாள் சித்தி. பண்ணை இறாலில் தப்பில்லை, நானே வாங்குவேன். கடலிறால் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

போன் போட்டேன். "மசாலும் சேத்துதான் அண்ணாச்சி எடை, எல்லாரும் அப்படித்தான் குடுக்காவ. கடலிறால்னா கடல் வாடை வரத்தானே செய்யும்?" அடுத்த போனுக்கு பிளாக். அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டது திசையன்விளை பரோட்டா.

அதற்கு அடுத்த மாதம் சித்தி என்னை விடியற்காலையில் உவரிக் கடற்கரைக்கே கூட்டிப்போனாள். தலை ஆடாமல் ஒட்டியிருந்த, ஓடு மின்னுகிற இறாலாகப் பார்த்து, கண் முன்னால் நிறுத்து வாங்கி, ஐஸில் கொண்டுவந்தோம். மசாலா வீட்டில்தான். எலுமிச்சை அடுப்பில் வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், சிவந்து வளைந்ததும் எடுத்துவிட வேண்டும். அதன் ருசியைச் சொன்னால் பதிவு நீண்டுவிடும். மசாலா தடவியதைத்தான் வாங்குவேன் என்றால், வந்தவரை நிறுத்திவைத்து, ஒன்றைக் கழுவி முகர்ந்து பார்த்து, வடித்து நிறுத்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீதும் வாளியைத் தராசில் வைத்த படமும் கையில் இருக்கின்றன. அத்தான் நம்பரை அந்த ஆள் இன்னும் பிளாக் செய்யவில்லை. நேற்றும் ஸ்டேட்டஸ் வந்ததாம். அதே சிவப்பு வாளிப் படம், 'இன்று காலை பிடித்தது'.