ஒரு சிவப்புக் கோட்டுடன் ஏழு ஆண்டுகள்: டோக்கமாக்கில் ஹைட்ரஜன் நிறமாலை

அணுக்கரு இணைவு ஆய்வுக்காக மிகச் சூடான வாயுவை (பிளாஸ்மாவை) காந்தப்புலத்தால் அடைத்து வைக்கும் வளைய வடிவக் கருவியான டோக்கமாக் ஒன்றில், நடுத்தர அளவிலானது, ஹைட்ரஜன் நிறமாலை அளவீட்டை ஏழு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஒரு மீட்டர் குவியத் தொலைவுள்ள நிறமாலைமானி, அதன் கேமரா, கலனின் சாளரங்களிலிருந்து ஒளியைக் கொண்டுவரும் ஒளியிழைகள், வேகமான அளவீட்டுக்காக வடிகட்டி பொருத்திய, மங்கலான ஒளியையும் மின் சமிக்ஞையாக்கும் சில ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய்கள்; அமைப்பு இவ்வளவுதான். செலவு குறைவு, எந்த ஷாட்டிலும் (ஒரு முறை பிளாஸ்மாவை உருவாக்கி இயக்குவதிலும்) ஏதாவது ஒரு சமிக்ஞை வந்துவிடும். அதை நம்பத்தக்க எண்ணாக மாற்றும்போதுதான் சிரமம் தொடங்குகிறது.

பிளாஸ்மாவின் மையத்தில் ஹைட்ரஜன் முழுவதும் அயனியாகிவிடுவதால், எலக்ட்ரானை இழந்த அந்தக் கருக்களிடமிருந்து நிறமாலைக் கோடு எதுவும் வருவதில்லை. ஆகவே 656.28 நானோமீட்டரில் தெரியும் ஆல்ஃபா கோடு, அதாவது ஹைட்ரஜன் அணுவின் சிவப்புக் கோடு, சொல்வதெல்லாம் விளிம்பின் கதையே. சுவரில் மோதித் திரும்பும் அணுக்கள் அங்கே மீண்டும் அயனியாகும்போது, வெளிவரும் ஒவ்வோர் ஆல்ஃபா ஃபோட்டானுக்கும் வழக்கமான நிலைமைகளில் ஏறத்தாழ 15 அணுக்கள் அயனியாகின்றன என்ற விகிதத்தைக் கொண்டு, சுவரிலிருந்து வரும் துகள் ஓட்டத்தைக் கணக்கிடுகிறோம். 1982-இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் இருந்த ஆஸ்டெக்ஸ் டோக்கமாக்கில் உயர் அடைப்பு நிலை (பிளாஸ்மா தன் வெப்பத்தையும் துகள்களையும் திடீரென நன்றாகத் தக்கவைக்கும் நிலை) கண்டறியப்பட்டபோது, அந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுத்த தடயங்களில் ஒன்று இந்தக் கோட்டின் திடீர் சரிவுதான்.

எனக்கு அதிகம் பயன்பட்டது ஐசோடோப்பு விகித அளவீடு. ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்தின் கோடு 656.10 நானோமீட்டரில் விழுகிறது, 0.18 நானோமீட்டர் இடைவெளியை எங்கள் நிறமாலைமானி எளிதில் பிரித்துக் காட்டும். கலனைத் திறந்து மூடிய பிறகு முதல் சில நாள்களில், உள்ளே செலுத்துவது டியூட்டீரியமாகவே இருந்தாலும், சுவரில் ஒட்டிய ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜனின் கோடே ஓங்கி நிற்கும். அது மெல்ல மெல்ல அடங்குவதைப் பார்த்தே சுவர் எவ்வளவு சுத்தமாகியிருக்கிறது என்று முடிவு செய்வோம். அதே கோடுகளின் அகலத்திலிருந்து அணுக்களின் வெப்பநிலையையும் பெறலாம். ஆனால் 1 எலக்ட்ரான்வோல்ட் ஹைட்ரஜன் தரும் டாப்ளர் அகலம் வெறும் 0.05 நானோமீட்டர்தான் என்பதாலும், ஒரு டெஸ்லா காந்தப்புலமே கோட்டை இருபுறமும் 0.02 நானோமீட்டர் அளவுக்குப் பிளப்பதாலும், அந்த எண்ணை நான் தயக்கத்துடனேயே வெளியிடுவேன்.

பெரிய பாடம் மூன்றாம் ஆண்டில் கிடைத்தது. சுவருக்கு லித்தியம் பூசிய சில வாரங்களில் ஆல்ஃபா சமிக்ஞை தொடர்ந்து குறைந்தது. சுவரிலிருந்து திரும்பும் ஹைட்ரஜன் குறைகிறது என்று மகிழ்ந்து வரைபடங்கள் தயாரித்தோம். ஷட்டர் மூடியே இருந்த இன்னொரு சாளரத்தின் வழியே ஒரு நாள் பார்த்தபோது சமிக்ஞை கணிசமாகக் கூடுதலாக இருந்தது. பராமரிப்பின்போது முதல் சாளரத்தைக் கழற்றி வெள்ளைத் தாளின் மேல் வைத்தேன்: மழைத்தண்ணீரில் எண்ணெய் பரவியதுபோல நிறங்கள் மின்னும் பழுப்புப் படலம். லித்தியத்தால் குறைந்தது உண்மைதான். ஆனால் நாங்கள் வரைந்த அளவுக்கு அல்ல; மீதி, சாளரத்தின் படலம் மறைத்த ஒளி. அன்றுமுதல், ஷாட் நடக்காத நேரம் முழுவதும் ஷட்டர் மூடப்படுகிறது. ஒவ்வொரு சோதனைத் தொடரின் முன்னும் பின்னும் ஒருங்கிணைப்புக் கோள விளக்கை (அறிந்த அளவில் சீரான ஒளி தரும் விளக்கை) வைத்து அளவுத்திருத்தம் செய்கிறோம்.

வடிகட்டி விஷயத்தில் சிக்கனம் கூடாது. 3 நானோமீட்டர் பட்டை அகலமுள்ள ஒன்றை ஒரு விற்பனையாளர் எங்கள் தலையில் கட்டினார், 657.8 நானோமீட்டரில் உள்ள கார்பன் கோடும் அதன் வழியே கசிந்து வந்து, அசுத்தம் மிகுந்த ஷாட்களில் ஹைட்ரஜன் அதிகம் எனக் காட்டியது. ஒரு நானோமீட்டர் வடிகட்டி சரிசெய்தது. காந்தப்புலம் குழப்பிவிடும் என்பதால், ஃபோட்டோமல்டிப்ளையர்களைக் காந்தச் சுருள்களின் அருகில் வைப்பதும் வீண். நீண்ட ஒளியிழை போட்டு அடுத்த அறைக்குக் கொண்டுசெல்வதே நல்லது.

அடுத்து எங்கள் கிராஃபைட் ஓடுகள் டங்ஸ்டனுக்கு மாறவிருக்கின்றன. இங்கிலாந்தில் இருந்த ஜெட் டோக்கமாக் 2011-இல் உலோகச் சுவருக்கு மாறிய பின் எதிரொளிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டியிருந்ததைப்போல, எங்கள் பார்வைக் கோடுகளின் மறுமுனையிலும் ஒளியை விழுங்கும் கருந்தடுப்பு தேவைப்படும். அதற்கான இடத்தைக் கலன் வரைபடத்தில் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.